ஏட்டைப் பூட்டும் கள்வர்



மாட்டுங்காவில் தமிழர் குடியேறிய கதை தட்டெழுத்து யந்திரத்தின் ஓசையோடு கலந்த கதையாகும். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஒரு டிரங்குப் பெட்டியோடும், சுருக்கெழுத்திலும் தட்டெழுத்திலும் தேறிய சான்றிதழ்களோடும் வந்து தாதரில் இறங்கிய இளைஞர் எத்தனையோ பேர். ஓர் அறையில் ஐவரும் அறுவருமாகத் தங்கி, மெஸ்ஸில் உண்டு, காலை வண்டியில் கோட்டைப் பகுதி அலுவலகங்களுக்குச் சென்று வந்த அந்தத் தலைமுறையினரிடம் மாறாத பழக்கம் ஒன்று இருந்தது. எந்தக் கடிதத்தையும் அவர்கள் ஒற்றைப் பிரதியாக அடித்ததில்லை. மேல்தாள், அதன்கீழ் கார்பன், அதன்கீழ் மெல்லிய தாள், மீண்டும் ஒரு கார்பன், மீண்டும் ஒரு தாள் என்று அடுக்கித்தான் யந்திரத்தில் செருகுவார்கள். ஒரு பிரதி உரியவருக்கு. ஒன்று அலுவலகக் கோப்புக்கு. மற்றொன்று வேறோர் ஊரிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்கு. தீ விபத்து நேர்ந்தாலும், கறையான் அரித்தாலும், எங்கேனும் ஓரிடத்தில் அந்தக் கடிதம் பிழைத்திருக்கும்.

இன்று அந்த யந்திரங்கள் மறைந்துவிட்டன. கணக்கும் கடிதமும், பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலும், பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள் படமும், சங்கத்தின் உறுப்பினர் ஏடும் எல்லாமே கணினிக்குள் புகுந்துவிட்டன. ஆனால் பிரதி எடுக்கும் பழக்கம் கணினிக்குள் நம்மோடு வரவில்லை. அது வராமற் போன இடைவெளியில் ஒரு புதுவகைக் கள்வன் புகுந்திருக்கிறான். அவனைப் பற்றியே இன்று நாம் பேசப் புகுந்தோம்.

சாதாரணத் திருடன் பொருளை எடுத்துக்கொண்டு ஓடுவான். இவன் அவ்வாறு செய்வதில்லை. நம் ஏடுகளை நம் வீட்டிலேயே, அவை இருந்த அலமாரியிலேயே வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூட்டைப் பூட்டிவிடுகிறான். பிறகு ஒரு சீட்டு எழுதி வைக்கிறான்: இத்தனை நாளுக்குள் இவ்வளவு பணம் அனுப்பினால் சாவி தரப்படும் என்று. ஆங்கிலத்தில் இதனை ரான்சம்வேர் என்பர். தமிழில் பணயத் தீநிரல் என்று எழுதுகின்றனர். நாம் சுருக்கமாகத் தீநிரல் என்றே கூறுவோம்.

இக்கொடுமை நேற்றுத் தோன்றியதன்று. 1989ஆம் ஆண்டில் ஜோசப் பாப் என்னும் அமெரிக்க உயிரியல் அறிஞர், எய்ட்ஸ் நோயைப் பற்றிய செய்தித் தகடு என்று பெயரிட்டு ஏறத்தாழ 20,000 வட்டுகளைத் தபால் மூலம் பல நாடுகளுக்கு அனுப்பினார். அதைக் கணினியில் இட்டவர்களின் கோப்புப் பெயர்கள் பின்னர் உருமாறின. 189 டாலரைப் பனாமா நாட்டிலுள்ள ஒரு தபால்பெட்டி எண்ணுக்கு அனுப்புமாறு செய்தி தோன்றியது. ஆயினும் அந்தப் பூட்டில் ஒரு குறை இருந்தது. பூட்டும் சாவியும் ஒன்றே. அச்சாவியும் அந்த நிரலுக்குள்ளேயே கிடந்தது. ஆகவே அறிந்தவர்கள் அதனைத் திறந்துவிட்டனர்.

1996இல் ஆடம் யங், மோட்டி யங் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், இக்குறையை நீக்கிய பூட்டு எத்தகையதாக இருக்கும் என்பதை எடுத்துரைத்து உலகை எச்சரித்தனர். அது எவ்வாறு இயங்கும் என்பதற்குத் தெருவோரத் தபால்பெட்டியை உவமையாகக் கொள்ளலாம். பெட்டியின் வாயில் கடிதத்தை யார் வேண்டுமானாலும் இடலாம். திறந்து எடுப்பதற்குத் தபால்காரரிடம் மட்டுமே சாவி உண்டு. இட்டவரே விரும்பினாலும் மீண்டும் எடுக்க இயலாது. கள்வன் நம் கணினிக்குள் அனுப்புவது இடுவதற்கான வாயை மட்டுமே. திறக்கும் சாவி, கடல் கடந்து எங்கோ, அவனிடமே இருக்கிறது. பூட்டு செம்மையாக அமைந்துவிட்டால், இன்றுள்ள கணினிகளைக் கொண்டு அச்சாவியை ஊகித்துக் கண்டுபிடிப்பது நடவாத காரியம். இதனை நாம் தெளிவாக மனத்திற் கொள்ளவேண்டும். ஏனெனில், தீநிரலை நீக்குவது ஒன்று. பூட்டிய ஏட்டைத் திறப்பது முற்றிலும் வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதாலேயே பலர் ஏமாறுகின்றனர்.

இனி, அது எவ்வழியே வருகிறது என்று காண்போம். பெரும்பாலும் நான்கு வழிகள்.

முதல் வழி மின்னஞ்சல். வருமான வரி அறிவிப்பு, கூரியர் ரசீது, பாக்கிப் பட்டியல் என்று நாம் எதிர்பார்க்கக்கூடிய பெயரில் ஓர் இணைப்பு வரும். திறந்தால், எழுத்துகள் சரியாகத் தெரியவில்லை, மேலேயுள்ள பொத்தானை அழுத்தவும் என்று ஒரு வேண்டுகோள் இருக்கும். அழுத்தியவுடன் கதவு திறந்துவிடும். 2016ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய லாக்கி என்னும் தீநிரல் இவ்வழியே வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் நம் மும்பையின் மந்த்ராலயத்திலேயே பல கணினிகளை அது தாக்கிற்று.

இரண்டாவது வழி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் வசதி. வீட்டிலிருந்தபடியே அலுவலகக் கணக்கைப் பார்க்க விரும்பும் கணக்கர்களும் சிறு வியாபாரிகளும் இதனை உபயோகிக்கின்றனர். கடவுச்சொல் எளிதாக இருந்தால், இராப்பகலாக வாயிற்கதவுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் கள்வர்களின் நிரல்கள் அதனைக் கண்டுபிடித்துவிடும். கடைப்பெயரும் ஆண்டும் சேர்ந்த கடவுச்சொல்லைக் கடவுச்சொல் என்றே கூறலாகாது.

மூன்றாவது வழி, செப்பனிடாத ஓட்டை. 2017 மே 12ஆம் நாள் வானாகிரை என்னும் தீநிரல் வெடித்தது. எவரும் எதையும் அழுத்தவேண்டிய தேவையே அதற்கு இல்லை. விண்டோஸ் அமைப்பில் இருந்த ஓர் ஓட்டையின் வழியாக ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தானே தாவிற்று. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டப்பட்டன. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் தடுமாறின. திருமலை திருப்பதி தேவஸ்தானத்து அலுவலகக் கணினிகள் சிலவும் அதற்குத் தப்பவில்லை. வருந்தத்தக்கது யாதெனில், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் மாதம் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக, நாளை செய்வோம் என்று தள்ளிப்போட்டவர்களே பெரும்பாலும் அகப்பட்டனர்.

நான்காவது வழியைச் சொல்லும்போது எங்கள் கதையையே சொல்லவேண்டியிருக்கிறது.

மாட்டுங்காவில் எங்களுக்கு ஒரு சிறு வாசகர் கூட்டம் உண்டு. ஞாயிறு மாலையில் கூடுவோம். இப்பகுதியில் முதன்முதல் வந்து குடியேறிய குடும்பங்களின் முதியோரைச் சந்தித்து, அவர்கள் வந்த வரலாற்றை அவர்கள் வாயாலேயே பதிவு செய்து, ஒரு மலராக வெளியிடுவது என்று தீர்மானித்தோம். 2019ஆம் ஆண்டு முழுவதும் அவ்வேலை நடந்தது. படங்கள், பழைய கடிதங்களின் நகல்கள், ஒலிப்பதிவுகள், அவற்றை எழுத்தில் வடித்த பக்கங்கள் யாவும் ஒரே கணினியில் சேர்ந்தன.

டிசம்பரில் பக்கங்களை அமைப்பதற்கு ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. விலை எங்கள் சக்திக்கு மீறியது. எங்களுள் இளையவர் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், பூட்டுடைத்து இலவசமாக வழங்கப்படும் பிரதி ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினார். நச்சுநிரல் தடுப்பை நிறுத்திவிட்டு நிறுவவும் என்று அதில் குறிப்பு இருந்தது. நிறுத்தினோம். சற்று நேரத்தில் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதாக ஒரு பெட்டி தோன்றி, விழுக்காடு ஏறத் தொடங்கியது. நாங்களும் காபி அருந்தியபடியே அது முடிவதற்குக் காத்திருந்தோம். அது புதுப்பித்தல் அன்று. நாம் சந்தேகம் கொள்ளாதிருக்கக் கட்டிய திரை. திரைக்குப் பின்னால் எங்கள் ஏடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருந்தன.

காபி முடிந்தது, பெட்டியும் மறைந்தது. ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் அறியாத நான்கெழுத்து வால் ஒன்று ஒட்டியிருந்தது. ஒவ்வோர் உறையிலும் ஒரு சீட்டு. 980 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 70,000 ரூபாய். 72 மணி நேரத்துக்குள் அனுப்பினால் பாதி தள்ளுபடி! தீபாவளிச் சேலை விற்பவரைப்போல அவனும் தள்ளுபடி பேசினான்.

அவ்வேளையில் செய்யவேண்டியது யாது? நாங்கள் சரியாகச் செய்தவையும் தவறாகச் செய்தவையும் சேர்ந்தே இங்கு வரும்.

முதலாவது, பிரித்து வைத்தல். மாட்டுங்காவின் தெருக்கள் ஏன் அகலமாக இருக்கின்றன என்று நேயர்களில் சிலர் அறிந்திருக்கலாம். 1896இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. நெருக்கமே நோயைப் பரப்பும் என்று கருதிய அரசு, 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்டை நிறுவி, காற்றும் வெளிச்சமும் புகும் தாதர், மாட்டுங்காப் பகுதிகளைத் திட்டமிட்டது. கணினித் தொற்றுக்கும் முதல் வைத்தியம் இடைவெளியே. வைஃபையை அணையுங்கள், வலைக்கம்பியை உருவுங்கள், பென் டிரைவ், வெளி ஹார்ட் டிஸ்க், அச்சு யந்திரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தொடர்பைத் துண்டிக்க இயலாத நிலையில் மட்டும் மின்சாரத்தையே நிறுத்துங்கள். எங்கள் தவறு இங்கேதான். கணினியோடு எப்போதும் சேர்ந்தே இருந்த வெளி ஹார்ட் டிஸ்கைப் பிரதி என்று நம்பியிருந்தோம். சேர்ந்திருந்ததால் அதுவும் பூட்டப்பட்டது.

இரண்டாவது, சாட்சியத்தைக் காத்தல். மிரட்டல் சீட்டைக் கைப்பேசியால் படமெடுங்கள். சீட்டையும், பூட்டிய கோப்புகளையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். எந்த இனத் தீநிரல் என்பதை அவற்றைக் கொண்டே அறியமுடியும்.

மூன்றாவது, அறிவித்தல். 1930 என்னும் எண் நாடெங்கும் இணையக் குற்றங்களைத் தெரிவிப்பதற்காக அமைந்த தொலைபேசி எண்ணாகும். மத்திய அரசின் இணையக் குற்றப் புகார்த் தளத்திலும், அருகிலுள்ள காவல் நிலையத்திலும் முறையிடலாம். நிறுவனங்களாயின், 2022ஆம் ஆண்டு உத்தரவின்படி, செய்தி தெரிந்த 6 மணி நேரத்துக்குள் சர்ட்-இன் என வழங்கும் மத்திய அமைப்புக்கு அறிவிக்கவேண்டும். வெட்கத்தால் மறைப்போர் மிகுதி. வீட்டில் திருடு போனால் வெட்கப்படுகிறோமா? இதுவும் திருட்டே.

நான்காவது, இனம் அறிதல். 2016 ஜூலையில் நெதர்லாந்துக் காவல்துறை, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல், இரண்டு கணினிப் பாதுகாப்பு நிறுவனங்கள் ஆகியோர் சேர்ந்து, 'நோ மோர் ரான்சம்' என்னும் பொதுநலத் தளத்தை ஏற்படுத்தினர். பூட்டிய கோப்பொன்றையும் சீட்டையும் அங்கே காட்டினால், இனத்தைக் கூறி, திறக்கும் கருவி இருந்தால் விலையின்றித் தருகின்றனர். எங்களைத் தாக்கியது ஸ்டாப் அல்லது டிஜேவு என்னும் இனம் என்று அறிந்தோம். பூட்டுடைத்த மென்பொருளைத் தேடும் வீட்டுக் கணினிகளையே குறிவைக்கும் இனம் அது. அதற்கு எம்சிசாஃப்ட் என்னும் நிறுவனம் 2019 அக்டோபரில் ஓர் இலவசக் கருவியை வெளியிட்டிருந்தது. பூட்டும் நேரத்தில் தீநிரலால் தன் தலைவனோடு தொடர்பு கொள்ள இயலாவிட்டால், தன்னுள் வைத்திருக்கும் பொதுச் சாவியைக் கொண்டு பூட்டும். அத்தகைய பூட்டு ஒருநாள் திறக்கப்படலாம். தொடர்பு கிடைத்துவிட்டாலோ, நமக்கென்றே தனிச் சாவி. எங்கள் கணினி இணையத்தோடு இணைந்திருந்தது. தனிச் சாவியே விழுந்தது. கருவி கைவிரித்தது.

ஐந்தாவது, தீநிரலை நீக்குதல். இது நாம் அஞ்சும் அளவுக்குக் கடினமன்று. பூட்டிய கோப்புகளை ஒரு தனித் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, கணினியை முழுவதும் துடைத்து, விண்டோஸை முதலிலிருந்து நிறுவுவதே ஐயமற்ற வழி. அவ்வாறு செய்ய இயலாதவர், விண்டோஸிலேயே அமைந்துள்ள டிஃபெண்டரின் இணையம் சாராத சோதனையை நடத்தலாம். அது விண்டோஸ் எழுமுன்பே தேடுவதால், ஒளிந்திருக்கும் நிரலையும் பிடிக்கும். இந்த இனத் தீநிரல் பல வேளைகளில் தனியே வருவதில்லை. கடவுச்சொற்களைத் திருடும் துணைவனையும் அழைத்து வரும். ஆகவே வேறொரு தூய கணினியிலிருந்து வங்கி, மின்னஞ்சல் முதலிய எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். இவை யாவும் முடிந்த பிறகே பிரதிகளைச் செருகவேண்டும். நோய் நீங்காத வீட்டுக்குள் குழந்தையை அழைத்து வருவாருண்டோ?

பூட்டிய கோப்புகளை ஏன் பாதுகாக்கவேண்டும் என்று கேட்கலாம். கள்வர் அகப்படுவதும் உண்டு, மனம் மாறுவதும் உண்டு. டெஸ்லாகிரிப்ட் என்னும் தீநிரலை நடத்தியவர்களே 2016 மே மாதத்தில் தம் தலைமைச் சாவியை வெளியிட்டனர். கேண்ட்கிராப் என்னும் இனத்தின் சாவிகளை 2019இல் அமெரிக்கப் புலனாய்வுத் துறை வெளியிட்டது. ஆகவே பூட்டிய பெட்டியை அப்படியே பரணில் ஏற்றி வையுங்கள். பின்னொரு நாள் சாவி வரக்கூடும்.

எங்களுக்குச் சாவி வரவில்லை. ஆனால் ஒரு பிரதி வந்தது. எங்கள் கூட்டத்தில் ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர் ஒருவர் இருந்தார். வயது எண்பதைக் கடந்தவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்துச் சென்று, செம்பூரிலிருக்கும் தம் மகள் வீட்டுப் பீரோவில் பூட்டி வைப்பது அவர் வழக்கம். நாங்கள் அதை முதுமையின் அச்சம் என்று எண்ணிச் சிரித்ததுண்டு. அவர் வேறொன்றும் கூறாமல், கார்பன் வைக்காமல் அடிப்பது எனக்குப் பழக்கமில்லையப்பா என்பார். கடைசியாக அவர் எடுத்துச் சென்றது ஆகஸ்டு மாதத்தில். அடுத்த முறை வருமுன் உடல்நலம் குன்றிவிட்டது. ஆகஸ்டு வரை சேர்ந்தவை அனைத்தும் அந்தப் பீரோவிலிருந்து பழுதின்றித் திரும்பின.

ஆகஸ்டுக்குப் பின் எடுத்த ஒன்பது முதியோரின் ஒலிப்பதிவுகள் எஞ்சின. இந்த இனத் தீநிரல், வேகமாக வேலையை முடிப்பதற்காக, ஒரு கோப்பின் முதல் 150 கிலோபைட்டை மட்டுமே பூட்டுகிறது. எழுத்துக் கோப்பு சிறியதாகையால் முழுவதும் போய்விடும். படத்தின் தலைப்பகுதி சிதைந்தால் படமே திறவாது. எம்பி3 வகை ஒலிப்பதிவோ நீண்ட சரம் போன்றது. தலையை வெட்டி எறிந்தாலும் எஞ்சிய சரம் ஒலிக்கும். பூட்டுடைத்த மென்பொருளை இறக்கிய அதே இளைஞர், பல இரவுகள் கண்விழித்து, ஒன்பது பதிவுகளையும் அவ்வாறு வெட்டி மீட்டார். ஒவ்வொன்றிலும் தொடக்கத்தில் பத்து வினாடிதான் போயிற்று.

பத்து வினாடிதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொருவரிடமும் நாங்கள் முதலில் கேட்டது, உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள் என்பதே. பூட்டில் போனது அந்தப் பத்து வினாடி. ஏழு பேரை மீண்டும் சந்தித்துப் பதிவு செய்துகொண்டோம். மற்ற இருவரும் அதற்குள் காலமாகிவிட்டனர். அவர்களுடைய பெயரும் ஊரும் நாங்கள் அறிந்தவையே, மலரிலும் அச்சிட்டோம். எனினும் அவர்கள் தம் வாயால், தம் ஊர்ப் பேச்சில், அதைச் சொன்ன ஒலி இல்லை. இன்றும் அந்தப் பதிவை ஓடவிட்டால், யார் என்று சொல்லாமலே நடுவாக்கியத்தில் ஒரு குரல் தொடங்குகிறது.

பணம் கொடுத்திருந்தால் அந்தப் பத்து வினாடி வந்திருக்குமா? எங்களுள்ளும் சிலர் அவ்வாறு வாதிட்டனர். விடைக்காக நாம் மும்பைத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையிலுள்ள நவசேவாவுக்குப் போகவேண்டும்.

2017 ஜூன் 27ஆம் நாள், ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தின் முனையங்களுள் ஒன்று திடீரென ஸ்தம்பித்தது. டென்மார்க்கின் மெர்ஸ்க் குழுமத்தைச் சார்ந்த நிறுவனம் நடத்திவந்த முனையம் அது. எந்தப் பெட்டகம் எந்தக் கப்பலுக்கு என்று கூறும் கணினிகள் இருண்டன. வேலையைக் கையால் செய்ய முற்பட்டனர். காரணம் நாட்பெட்யா என்னும் தீநிரல். உக்ரைன் நாட்டில் பலரும் உபயோகித்த கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பில் அதனை ஒளித்து அனுப்பியிருந்தனர். அங்கே கிளம்பியது, நிறுவனத்தின் வலைவழியே ஒரே நாளில் அரபிக்கடலோரம் வந்து சேர்ந்தது.

அதுவும் 300 டாலர் கேட்டுச் சீட்டு வைத்தது. ஆனால் ஆராய்ந்தவர்கள் கண்டது யாதெனில், அதற்குச் சாவியே இல்லை. பணம் கொடுத்தவருக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு அதில் அமையவே இல்லை. கொள்ளைக்காரனின் வேடமணிந்து வந்த அழிவுக்காரன் அது. சீட்டில் எழுதியிருப்பதை நம்பிப் பணம் அனுப்புவோர், சாவி இருக்கிறது என்பதற்கே கள்வனின் வாய்மொழியன்றி வேறு சான்று இல்லாமல் அனுப்புகின்றனர். சாவி வந்தாலும், அப்பணம் அடுத்த வீட்டுப் பூட்டுக்கு மூலதனமாகிறது. பூட்டைத் திறந்து தருகிறோம் என்று விளம்பரம் செய்வோருள்ளும், கள்வனிடமே இரகசியமாகப் பேரம் பேசி, மேலும் ஒரு தொகையை நம்மிடம் வாங்குவோர் உண்டு; எச்சரிக்கை வேண்டும்.

மெர்ஸ்க் நிறுவனம் பத்து நாட்களில் 45,000 கணினிகளையும் 4,000 சர்வர்களையும் புதிதாக நிறுவியது. இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் வரை என்று அந்நிறுவனமே மதிப்பிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தை மீட்டது எது? அதன் வலையமைப்புக்கு அச்சாணி போன்ற பதிவேடு சுமார் 150 சர்வர்களில் ஒரே வடிவில் இருந்தது. ஒன்று கெட்டால் மற்றொன்று உதவும் என்பது எண்ணம். எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாம் சேர்ந்து அழிந்தன. ஒன்று மட்டும் பிழைத்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில், தாக்குதலுக்கு முன்பே மின்வெட்டு ஏற்பட்டு, ஒரு சர்வர் வலையிலிருந்து அறுந்து கிடந்தது. அங்கிருந்த பதிவேட்டை ஒருவர் நைஜீரியா வரை எடுத்துச் சென்று கொடுக்க, மற்றொருவர் விமானத்தில் இங்கிலாந்துக்குக் கொண்டு சேர்த்தார். அதிலிருந்தே அனைத்தும் மீண்டும் எழுந்தன.

நூற்றைம்பது பிரதி இருந்தும் உதவாமல், பிரிந்திருந்த ஒன்றே உதவிற்று. எங்கள் வாசகர் கூட்டத்தின் அனுபவமும் இதுவே. கானாவின் மின்வெட்டு அங்கே செய்ததைச் செம்பூர்ப் பீரோ எங்களுக்குச் செய்தது. மின்வெட்டு தற்செயல், பீரோ பழக்கம். தற்செயலை நம்பி யாரும் குடும்பம் நடத்துவதில்லை.

ஆகவே நேயர்கள் செய்யவேண்டியது மிக எளிது. முக்கியமான எதற்கும் மூன்று பிரதி இருக்கட்டும். அவற்றை இரண்டு வகைச் சாதனங்களில் வையுங்கள். ஒன்று வேறோர் இடத்தில் இருக்கட்டும். கணினி வல்லுநர்களும் இவ்விதியையே கூறுகின்றனர். தட்டெழுத்தரின் மூன்று தாள்களும் இதுவே. ஹார்ட் டிஸ்கைச் செருகி, பிரதி எடுத்து, உடனே கழற்றிவிடுங்கள். இணையச் சேமிப்பகத்தை உபயோகிப்போர், கணினியில் கெட்ட கோப்பு அங்கும் கெட்ட கோப்பாகவே சென்று சேரும் என்பதை மறவாதீர்கள்; ஆயினும் அத்தகைய சேமிப்பகங்கள் பல, பழைய வடிவங்களைச் சில காலம், பெரும்பாலும் முப்பது நாள், காத்து வைக்கின்றன. விரைந்து பார்த்தால் பயன்பெறலாம். ஆண்டுக்கிருமுறையேனும் பிரதியைத் திறந்து பாருங்கள். திறவாத பிரதி பிரதியாகாது.

அதனோடு, திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். எதிர்பாராத இணைப்பைத் திறக்குமுன் அனுப்பியவரைத் தொலைபேசியில் கேளுங்கள். பூட்டுடைத்த மென்பொருளை நாடாதீர்கள்; விலையின்றி நேர்மையாகக் கிடைக்கும் மென்பொருள்கள் எத்தனையோ உண்டு. பிறர் பூட்டை உடைத்ததைக் கொண்டு வந்து நம் வீட்டில் வைத்தால், நம் வீட்டில் பூட்டு விழுவதில் வியப்பென்ன?

ஒன்று மட்டும் கூறி முடிக்கிறோம். சில ஆண்டுகளாகக் கள்வர் ஏட்டைப் பூட்டுவதோடு நில்லாமல், அதன் நகலையும் எடுத்துச் சென்று, பணம் தராவிடில் ஊரறிய வெளியிடுவோம் என்றும் மிரட்டுகின்றனர். பிரதி அந்த மிரட்டலைத் தீர்க்காது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, மருத்துவக் குறிப்பு முதலியவற்றை வேண்டுமளவுக்கு மட்டும் வைத்து, வேலை முடிந்ததும் அழித்துவிடுவதே அதற்குக் காப்பு. காக்கவேண்டியதை மூன்றாகப் பெருக்குங்கள், வேண்டாததை வைத்திராதீர்கள்.

ஊரைவிட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்து வாழும் நமக்கு, வீடும் நிலமும் போன பிறகும் எஞ்சியிருப்பவை சில படங்களும் சில குரல்களுமே. இந்த ஞாயிறன்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டுப் பெரியவரின் குரல் எங்கேனும் பதிவாகியிருந்தால், முதல் பிரதியை அதற்கு எடுங்கள். எடுத்ததைத் தாராவியிலோ செம்பூரிலோ உள்ள உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். எங்கள் சுருக்கெழுத்தர் இன்று இல்லை. அவர் செய்த வேலையை எங்களுள் அந்த இளைஞர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரு துணிப்பையில் ஹார்ட் டிஸ்கை வைத்துக்கொண்டு, அவரே செம்பூருக்குச் சென்று வருகிறார்.